திரைக்குப் பின்னால் யாரய்யா? – பருவநிலை மறுப்பு என்னும் நாடகத்தின் வரலாறு

1

ஜவ்வாது மலையிலும் அதன் அடிவார ஊர்களிலும் விடிய விடியக் கூத்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். ராஜா வேஷம் கட்டியவன் நேராகச் சபைக்கு வந்து நின்றுவிட முடியாது. இரண்டு பேர் திரை பிடிக்க வேண்டும். திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு அவன் தன் பெருமையைத் தானே பாட வேண்டும், அதுவும் யாரோ ஒரு மூன்றாம் மனிதனைப் பற்றிச் சொல்வதுபோல. கட்டியக்காரன் விடமாட்டான். ‘யாரய்யா அது? எந்த ஊரு? இந்த நேரத்துல இங்க என்ன வேலை?’ என்று குடைவான். துரியோதனனே ஆனாலும் பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வர முடியும்.

கட்டியக்காரனைக் கோமாளி, சிரிப்பு மூட்டுகிறவன் என்று எழுதி முடித்துவிடுவது நம் வழக்கம். அவன் செய்கிற வேலை அதைவிடப் பெரியது. பேசுகிற குரல் யாருடையது, அது எங்கிருந்து வருகிறது, யார் பொருட்டு வருகிறது என்பதைச் சபைக்கு முன்னால் போட்டு உடைப்பவன் அவன். பிரதிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அதிகாரத்தைக் கட்டுடைப்பது பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அவன் அதை முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு, இரண்டு வசனத்தில் செய்துவிட்டுப் போகிறான்.

இந்தக் கட்டியக்காரன் கேள்வியை எடுத்துக்கொண்டு, கடந்த ஐம்பது ஆண்டுகளில் உலகம் முழுக்க நடந்த ஒரு நாடகத்தைப் பார்க்கலாம். பூமி சூடாகவில்லை என்பது அதன் முதல் காட்சி. சூடாகிறதுதான், ஆனால் மனிதர் காரணமில்லை என்பது இரண்டாவது. மனிதர்தான் காரணம், ஆனால் இப்போதைக்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்பது மூன்றாவது. இதைத் தயாரித்தவர்கள் எண்ணெய், நிலக்கரி முதலாளிகள். நடித்தவர்கள் வழக்கறிஞர்கள், விளம்பரக்காரர்கள், சில விஞ்ஞானிகள். அரங்கம் செய்தித்தாளும் தொலைக்காட்சியும் ஐக்கிய நாடுகள் சபையும். நமக்குப் பார்வையாளர் வேஷம். திரை விலகவே இல்லை. ஆகவே இது நாடகம் என்றே பலருக்கும் தெரியாமல் போயிற்று.

2

2024 ஜூனில் இங்கிலாந்தின் ஸ்ட்ராட்போர்டில், ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் ஸ்வான் அரங்கில் ‘கியோட்டோ’ என்ற நாடகம் அரங்கேறியது. எழுதியவர்கள் ஜோ மர்பி, ஜோ ராபர்ட்சன். இயக்கியவர்கள் ஸ்டீபன் டால்ட்ரி, ஜஸ்டின் மார்ட்டின். 2025-இல் அது லண்டனுக்கும் பிறகு நியூயார்க்குக்கும் போனது. 1997 டிசம்பர் 11 அன்று ஜப்பானின் கியோட்டோ நகரில் கையெழுத்துக்குத் தயாரான ஒப்பந்தம்தான் அதன் மையம். தொழில்மய நாடுகள் தம் கரிவாயு வெளியேற்றத்தை 2008–2012 காலத்துக்குள் 1990 அளவிலிருந்து சராசரியாக 5 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைப்பது என்று அந்த ஒப்பந்தம் சொன்னது.

இந்த விஷயத்தை நம்மவர்கள் யாராவது நாடகமாக்கியிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? ஒரு நல்ல விஞ்ஞானி, ஒரு கெட்ட முதலாளி, நடுவில் அழுகிற பூமித்தாய். ‘கியோட்டோ’ அப்படிப் போகவில்லை. அது வில்லனிடமே கதையைக் கொடுத்துவிட்டது. கதை சொல்லுகிறவர் டான் பேர்ல்மேன். இவர் கற்பனைப் பாத்திரம் அல்ல. ரீகன் ஆட்சியில் அதிகாரியாக இருந்து, பிறகு வாஷிங்டனில் வழக்கறிஞராகி, ‘கிளைமேட் கவுன்சில்’ என்ற பெயரில் எண்ணெய், நிலக்கரி நலன்களுக்காகப் பேச்சுவார்த்தை மன்றங்களைச் சுற்றி வந்தவர். 2005-இல் இறந்துபோனார். சவூதி, குவைத் பிரதிநிதிகளுக்குத் திருத்தங்களையும் உத்திகளையும் எழுதிக் கொடுப்பதில் பேர்போனவர்.

ஐ.நா. பேச்சுவார்த்தையில் ஒரு சொல் பிடிக்கவில்லை என்றால் அதைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடச் சொல்லலாம். அடைப்புக்குறிக்குள் போன சொல் தீர்மானமாகாத சொல். பருவநிலை மாநாடுகளில் வாக்கெடுப்பு விதி நிறைவேறவே இல்லை. அதை நிறைவேறவிடாமல் தடுத்ததில் எண்ணெய் நாடுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நகரும். ஒருவர் பிடிவாதமாக ஓர் அடைப்புக்குறியைப் பிடித்துத் தொங்கினால் போதும், உலகமே அங்கே நின்றுவிடும். பிரதியின் ஆட்டம், அர்த்தத்தின் ஒத்திவைப்பு என்றெல்லாம் கோட்பாட்டாளர்கள் சொன்னதை நாம் இலக்கியத்தில் தேடிக்கொண்டிருந்தோம். பேர்ல்மேன் அதைச் சம்பளத்துக்குச் செய்துகொண்டிருந்தார்.

நாடகத்தின் பலம், இந்த மனிதரை நமக்குப் பிடிக்க வைத்துவிடுவது. மாநாட்டுப் பிரதிநிதிகளின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டு, பார்வையாளரையும் அந்த மேசையோடு சேர்த்துவிடுகிறார்கள். அவருடைய வேகத்தோடும் சாமர்த்தியத்தோடும் நாமும் ஓடுகிறோம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் நாம் யார் பக்கம் ஓடிக்கொண்டிருந்தோம் என்பது உறைக்கிறது. மறுப்பு எப்படி வேலை செய்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. மக்கள் முட்டாள்களாக இருந்ததால் அது ஜெயிக்கவில்லை. நன்றாக எழுதி, ஒத்திகை பார்த்து, ஆள் பார்த்து அரங்கேற்றியதால் ஜெயித்தது.

3

எழுதியது யார்? இங்கேதான் கட்டியக்காரன் தேவைப்படுகிறான்.

இதன் முதல் ஒத்திகை புகையிலைக் கம்பெனிகளுடையது. 1953 டிசம்பரில் அமெரிக்க சிகரெட் முதலாளிகள் நியூயார்க் ஓட்டல் ஒன்றில் கூடி ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள்தொடர்பு நிறுவனத்தை அமர்த்தினார்கள். அடுத்த மாதமே 400-க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் முழுப்பக்க அறிக்கை வந்தது. புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பு இன்னும் நிரூபணமாகவில்லை, மேலும் ஆராய்ச்சி வேண்டும், அந்த ஆராய்ச்சிக்கு நாங்களே பணம் தருகிறோம் என்பது அதன் சாரம். ‘மேலும் ஆராய்ச்சி வேண்டும்’ என்ற வசனம் அன்று பிறந்தது. அதற்குப் பிறகு அது வேஷம் மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறது.

1977 ஜூலையில் எக்ஸான் நிறுவனத்தின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், எரிபொருள் எரிப்பதால் வரும் கரிவாயு பூமியைச் சூடாக்கும் என்று தம் நிர்வாகக் குழுவுக்கு எடுத்துச் சொன்னார். எக்ஸான் பிறகு தானே மாதிரிகளைக் கட்டிக் கணக்குப் போட்டது. அந்தக் கணக்குகள் எவ்வளவு சரி என்று 2023-இல் சுப்ரான், ராம்ஸ்டார்ப், ஓரெஸ்கஸ் ஆகிய மூவர் ‘சயின்ஸ்’ இதழில் ஆராய்ந்தார்கள். நிறுவனத்தின் விஞ்ஞானிகள் முன்கூட்டிச் சொன்ன வெப்ப உயர்வில் 63 முதல் 83 சதவீதம் வரை அப்படியே பலித்திருந்தது. உள்ளே துல்லியமாகத் தெரியும், வெளியே ஒன்றும் தெளிவில்லை. இதற்குப் பெயர் அறியாமை இல்லை.

மொபில் நிறுவனம் 1970களிலிருந்தே ‘நியூயார்க் டைம்ஸ்’ கருத்துப் பக்கத்தில் காசு கொடுத்து இடம் வாங்கிக் கட்டுரை போல விளம்பரம் எழுதி வந்தது. 1989-இல் ‘குளோபல் கிளைமேட் கோயலிஷன்’ என்ற அமைப்பு வந்தது. பெயரைப் பார்த்தால் ஏதோ சுற்றுச்சூழல் இயக்கம் போல இருக்கும். உள்ளே இருந்தவர்கள் எண்ணெய், நிலக்கரி, மோட்டார் கம்பெனிகள். 1995-இல் அதன் உள்ளறிக்கை வரைவொன்று கரிவாயுவின் வெப்ப விளைவு மறுக்க முடியாத அறிவியல் என்று ஒப்புக்கொண்டது. வெளியே வேறு பாட்டு.

1991-இல் நடந்ததுதான் அசல் ‘மார்க்கெட்டிங்’. அமெரிக்க நிலக்கரி, மின்சார நிறுவனங்கள் சேர்ந்து ஓர் அமைப்பை உண்டாக்கின. அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘பனிக்கட்டி’ என்று வரும். பூமி சூடாவதை உண்மையாக இல்லாமல் வெறும் ஒரு கொள்கையாக மக்கள் மனதில் இடம்மாற்றி வைப்பது அதன் எழுதப்பட்ட நோக்கம். சோப்பு விற்கிறவன் புதுச் சோப்பை முதலில் நாலு ஊரில் விட்டுப் பார்ப்பதுபோல, சில சிறு நகரங்களைத் தேர்ந்தெடுத்துச் சோதனை நடத்தினார்கள். யாரைக் குறி வைப்பது என்பதையும் எழுதி வைத்தார்கள். அதிகம் படிக்காத வயதான ஆண்கள், குறைந்த வருமானமுள்ள இளம் பெண்கள். சந்தேகம் இங்கே தத்துவவாதியின் சந்தேகம் இல்லை. பாக்கெட் போட்டு, விலை ஒட்டி, வாடிக்கையாளர் பார்த்து விற்ற சரக்கு.

4

சரி, இந்தச் சரக்கு ஏன் விலை போனது? ஜவ்வாது மலைக்குத் திரும்புவோம்.

ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் காவலூர் இருக்கிறது. வானாய்வுக்கு ஏற்ற இருட்டும் தெளிவும் உள்ள இடம் என்று வைணு பாப்பு தேர்ந்தெடுத்து, 1960களின் இறுதியில் சிறு தொலைநோக்கியோடு தொடங்கிய ஆய்வகம். 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1986-இல் வந்த 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு இன்று அவர் பெயர்.

1977 மார்ச் 10. யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போகும் இரவு. காவலூரில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, கோள் வந்து மறைப்பதற்கு முன்னாலேயே நட்சத்திரத்தின் ஒளி சில விநாடிகள் மங்கியது தெரிந்தது. அது ஒரு புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று கருதி அப்படியே வெளியிட்டார்கள். அதே இரவில் அமெரிக்கர்கள் விமானத்திலிருந்து எடுத்த பதிவையும் மற்ற இடங்களின் பதிவுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, யுரேனசைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரிந்தது. துணைக்கோள் என்ற முதல் விளக்கம் விழுந்தது. பதிவு நின்றது. யாரும் வெட்கப்படவில்லை. அறிவியல் நடக்கிற விதமே இதுதான். ‘இருக்கலாம்’ என்று சொல்வது, பிழையின் அளவையும் பக்கத்திலேயே எழுதி வைப்பது, இன்னொருவர் சரிபார்க்கக் கொடுப்பது.

இது நடந்து நாலு மாதத்தில்தான் எக்ஸானின் கூட்ட அறையில் பிளாக் பேசினார். அவரும் உறுதியில்லாத இடங்களைச் சொல்லித்தான் பேசினார். மலை மேலே இருந்தவர்களுக்கு ‘இருக்கலாம்’ என்பது இன்னும் கவனமாகப் பார்ப்பதற்கான காரணம். கம்பெனிக்கோ அது கையில் கிடைத்த ஆயுதம். அறிவியலின் நேர்மையைத்தான் அவர்கள் அதன் பலவீனமாக விற்றார்கள். 1995 நவம்பரில் மாட்ரிட்டில் மனிதச் செயலின் தாக்கம் புலப்படுகிறது என்று ஒரே ஒரு வாக்கியத்தை உலக விஞ்ஞானிகள் குழு எழுதுவதற்குள், அந்த வாக்கியத்தின் உரிச்சொல் மீதே பெரிய யுத்தம் நடந்தது. அந்த அத்தியாயத்துக்குப் பொறுப்பாயிருந்த பென் சான்டர் மீது அடுத்த ஆண்டு ஜூனில் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பத்திரிகையில் குற்றம் சுமத்தி எழுதியவர் பிரெடரிக் சைட்ஸ். பெரிய இயற்பியலாளர். ஒரு சிகரெட் கம்பெனியின் ஆராய்ச்சி நிதிக்கு ஆலோசகராகவும் இருந்தவர். ‘எந்த ஊரு, என்ன வேலை’ என்று கட்டியக்காரன் கேட்டிருந்தால் அது அன்றைக்கே சபைக்குத் தெரிந்திருக்கும்.

உண்மையைத் தொடர்ந்து தேட வேண்டியதுதான் என்று பேசிய நாமும் இங்கே யோசிக்க வேண்டியிருக்கிறது. எல்லா உண்மையும் கட்டமைக்கப்பட்டதே என்ற வாக்கியத்தை நாம் அதிகாரத்துக்கு எதிராகக் கூர்தீட்டினோம். அதே கத்தியை அதிகாரமும் வைத்திருந்தது. எப்படிக் கட்டமைக்கப்பட்டது என்று கேட்பதோடு நின்றுவிட்டால் காவலூர் பதிவும் கம்பெனி விளம்பரமும் ஒரே தட்டில் உட்கார்ந்துவிடும். யார் செலவில், யார் சரிபார்க்கும்படி என்று கேட்டால்தான் இரண்டும் பிரியும்.

5

மறுப்பு பழசாகிவிட்டது, இப்போது எல்லாக் கம்பெனியும் பசுமை பேசுகிறது என்று சிலர் சொல்கிறார்கள். வேஷம்தான் மாறியது. பிரிட்டிஷ் பெட்ரோலியம் 2000-இல் தன் சின்னத்தைப் பச்சையும் மஞ்சளுமான சூரியகாந்தி போல மாற்றிக்கொண்டது. அந்தப் பத்தாண்டின் நடுவில் ‘கார்பன் காலடித் தடம்’ என்ற சொல்லை உலகம் முழுக்கப் பரப்பியது. சொல் அவர்களுடையது இல்லை, ஆய்வாளர்களிடமிருந்து எடுத்தது. உன் தடம் எவ்வளவு என்று நீயே கணக்கிட்டுப் பார் என்று இணையத்தில் ஒரு கணக்குப் பொறியையும் வைத்தது. நேற்றுவரை ‘குற்றமே நடக்கவில்லை’ என்றவன், இன்று ‘குற்றம் நடந்தது, செய்தது நீ’ என்கிறான். பார்வையாளனே மேடைக்கு ஏற்றப்பட்டுக் கூண்டில் நிறுத்தப்படுகிறான். தயாரிப்பாளர் கைதட்டுகிறார்.

இந்த உத்தி இந்த மலைக்குப் புதிதல்ல. காட்டை அழித்தால் மழை குறையும் என்ற வாதம் சென்னை மாகாணத்தில் 1840களிலேயே உண்டு. எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் அதைப் பற்றி எழுதினார். 1856-இல் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலரான கிளெக்ஹார்ன், மலைமக்களின் குமரிச் சாகுபடியை, அதாவது காட்டை வெட்டிச் சுட்டு விதைக்கிற முறையை, கடுமையாக எதிர்த்தார். அதே 1856-இல்தான் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் ஓடியது. பாதை ஜோலார்பேட்டை வழியாக, இந்த மலையின் ஓரமாகப் போய் சில ஆண்டுகளில் மேற்குக் கரையைத் தொட்டது. தண்டவாளத்துக்கு அடிக்கட்டை, எஞ்சினுக்கு விறகு. மாகாணத்தின் காடுகள்தான் கொடுத்தன. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்து காட்டுக்கு வேலி போட்டபோது குற்றவாளியாக எழுதப்பட்டவன் சாமை விதைத்த மலையாளிக் குடியானவன். ரயில் கம்பெனியின் பெயர் முன்னேற்றக் கணக்கில் இருந்தது. மழையின் பெயரைச் சொல்லியே நிலத்தை எடுத்துக்கொண்டார்கள்.

1990-இல் அதே காட்சி உலக அரங்கில் வந்தது. அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்று வெளியிட்ட பட்டியலில் நெல்வயலும் மாடும் விடுகிற மீத்தேனைச் சேர்த்து இந்தியாவும் முன்வரிசைக் குற்றவாளிகளில் ஒன்றாக வைக்கப்பட்டது. 1991-இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் அதை மறுத்து எழுதினார்கள். பிழைப்பதற்கான வெளியேற்றமும் ஆடம்பரத்துக்கான வெளியேற்றமும் ஒன்றா என்று கேட்டார்கள். கட்டியக்காரன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஆனால் இந்த வாதத்தையும் நம்மூர் முதலாளிகள் சும்மா விடவில்லை. நாட்டின் சராசரிக்குப் பின்னால், அதாவது ஏழையின் முதுகுக்குப் பின்னால், பணக்கார இந்தியா ஒளிந்துகொள்கிறது என்று 2007-இல் கிரீன்பீஸ் ஓர் அறிக்கையே வெளியிட்டது. நிலக்கரியைத் தோண்டும்போது ‘ஏழைக்கு மின்சாரம்’. அந்த நிலத்திலிருந்து எழுப்பப்பட்ட ஏழையைப் பற்றிப் பேச்சில்லை.

மலையாளிக்கு அந்த வேஷம் இன்னும் கழற்றப்படவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 பேரை ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். மரத்தை வாங்குகிறவன், கடல் தாண்டி விற்கிறவன், அவன் கணக்கு எழுதுகிறவன் யாரும் அந்தக் காட்டில் இல்லை. கூலிக்கு வெட்டப் போனவன் மட்டும் திரைக்கு முன்னால் கிடந்தான்.

6

‘கியோட்டோ’ நாடகத்தின் குறை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது இங்கேதான் இருக்கிறது. கடலில் மூழ்கப்போகும் கிரிபாட்டித் தீவின் பிரதிநிதிக்கு அந்த மேசையில் இடம் உண்டு, குரலும் உண்டு. ஆனாலும் நாடகம் அந்த மேசையை விட்டு இறங்குவதில்லை. ஒப்பந்தம் ஏற்கப்படும் நொடிதான் உச்சக்காட்சி. அமெரிக்க செனட் 1997 ஜூலையிலேயே 95–0 என்று எதிராகத் தீர்மானம் போட்டிருந்தது. 2001-இல் புஷ் ஒப்பந்தத்தைக் கைகழுவினார். 1997-இல் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 364 பங்காக இருந்த கரிவாயு 2024-இல் 420-ஐத் தாண்டிவிட்டது. பேர்ல்மேன் தோற்றதாகத் தெரிகிற இடத்தில் அவருடைய முதலாளிகள் தோற்கவில்லை.

அந்த வேலையை இலண்டன் செய்யவில்லை என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை. நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? ஜனநாயக சக்திகளின் வீதிநாடகம் என்று நமக்கு ஒரு மரபு இருக்கிறது. 1989 ஜனவரியில் தொழிலாளர் குடியிருப்பில் நாடகம் போட்டுக்கொண்டிருந்தபோதே தாக்கப்பட்டு உயிர்விட்ட சப்தர் ஹாஷ்மியின் பெயரை ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறோம். ஆனால் பருவநிலை பற்றி நம் தெருமுனைகளிலும் பள்ளி மைதானங்களிலும் போடுகிற நாடகங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மரம் நடுவோம், பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம், விளக்கை அணைப்போம். வசனம் முழுக்க ‘நீ திருந்து’. மரத்தை வெட்டுகிற ஒரு ஏழை, அவனைத் திருத்துகிற ஒரு படித்தவன். கிளெக்ஹார்ன் எழுதிய பாத்திரங்களை, பெட்ரோல் கம்பெனி எழுதிய வசனத்தோடு, நாம் பறையடித்து நடித்துக்கொண்டிருக்கிறோம். பல நேரம் பின்னால் தொங்குகிற பதாகையில் ஏதாவது ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியின் சின்னமும் இருக்கும். மரம் நடுவது தப்பா என்று கேட்பீர்கள். நடுங்கள், நல்லது. ஆனால் நாடகத்தில் குற்றவாளி யார் என்று எழுதுகிற பேனா யாரிடம் இருக்கிறது என்பது வேறு கேள்வி.

கூத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் நம் நாடகக்காரர்கள் அடவையும் முகவீணையையும் எடுத்துக்கொள்கிறார்கள், கிரீடத்தை எடுத்துக்கொள்கிறார்கள். வேரைத் தேடுவதாகச் சொல்லி விழா மேடைகளில் ஆடுகிறார்கள். எடுக்க வேண்டியது அந்தத் திரையும் அதற்கு முன்னால் நிற்கிறவனும். சுரங்கம் வேண்டும் என்று ஒரு குரல் வந்தால் திரையைப் பிடியுங்கள். பசுமை என்று ஒரு குரல் வந்தாலும் பிடியுங்கள். ‘யாரய்யா நீ? எந்த ஊரு? யார் படியளக்கிறாங்க? போன வருஷம் என்ன சொன்னே, உங்க ஆபீசுக்குள்ள என்ன எழுதி வச்சிருக்கே?’ என்று கேளுங்கள். பதில் சொல்லிவிட்டு அவன் சபைக்கு வரட்டும்.

மழை பார்த்துச் சாமை விதைக்கிற மலைக்காரனுக்குப் பருவம் தப்புவதைப் பற்றி நாம் போய் நாடகம் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அவனுக்குத் தெரியாமல் இருப்பது திரைக்குப் பின்னால் இருப்பவனின் பெயர்தான். அந்தப் பெயரோடு மலை ஏறுகிற நாடகம் இன்னும் எழுதப்படவில்லை.